மலைமாடு வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மந்தையை நடத்தும் மூத்த மேய்ப்பர்களான கீதாரி ஐயாக்களுக்கும், முறை வைத்து மலையடிவாரத்துக்கு நடக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாடு பார்த்துவரும் வேலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். இந்த ஆண்டு நாம் அதிகம் பாடுபட்டதும் அதில்தான், சறுக்கியதும் அதில்தான்.

புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றில் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் 2022-இல் தடை விதித்தது. அதன்பின் கம்பம்மெட்டு அடிவாரத்துப் பட்டாச் சரிவிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் மட்டுமே மாடுகளை விடுகிறோம். வயிற்றுக்காக மட்டும் விடவில்லை. மாசி, பங்குனியில் இடுப்பளவுக்குக் காய்ந்து நிற்கும் புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை இந்தப் பள்ளத்தாக்கில் யார் மறப்பார்கள்? மாடு மேய்ந்த சரிவில் புல் குட்டையாக நிற்கிறது, சருகு குளம்படியில் மண்ணோடு சேர்கிறது. உண்ணிச்செடியை மட்டும் மாட்டிடம் விட முடியாது. பசி தாளாமல் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். அதை அரிவாளோடு போய் நாமேதான் வெட்டினோம்.

ஆவணியில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அன்று முறை என்னுடையது. பாறைமேல் நின்று தலைகளை எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. நோட்டில் எழுதிவிட்டு இறங்கிவிட்டேன். மாலையில் நம் மூத்த கீதாரி ஐயா அந்தப் பக்கம் போயிருக்கிறார். மற்ற மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்க, மயிலைப் பசு ஒன்று மட்டும் வேலியோரம் தனியாக நின்றிருக்கிறது. வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது. முன்னங்காலைத் தூக்கித் தூக்கி உதறியது. வாயைப் பிளந்து பார்த்தால் நாக்கெல்லாம் கொப்புளம். கோமாரி. தடுப்பூசி முகாம் அன்று மலையிலிருந்து இறங்காமல் போன மாடு அது. பசு தேறிவிட்டது, அதன் கன்று பிழைக்கவில்லை. காலையிலேயே அருகில் போய்ப் பார்த்திருந்தால் கன்றைப் பிரித்து வைத்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதற்குப் பிறகு நோட்டை மாற்றிவிட்டோம். இப்போது எண்ணிக்கைக்கு ஒரு கட்டம்தான். அசை, மூக்கின் ஈரம், நடை, சாணம், மடி என்று மற்றவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள். மாட்டின் முன்னும் பின்னும் நின்று பார்க்காமல் அவற்றை நிரப்ப முடியாது.

இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் புதர்வெளியில் மாடுகளும் மட்டக்குதிரைகளும் அவிழ்த்துவிட்டபடியே மேய்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வதற்கென்றே சம்பள ஆட்கள் இருக்கிறார்கள். இரவில் வண்டியில் அடிபடாமல் இருக்க அங்கே குதிரைகளின் கழுத்தில் ஒளிரும் பட்டை கட்டுகிறார்கள். நாம் கொம்பில் ஒட்டினோம். மெட்டுச் சாலையில் இந்த ஆண்டு நம் மாடு ஒன்றுகூட அடிபடவில்லை.

இரண்டு முறை கிடாரிகள் எல்லை தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டத்தில் புகுந்துவிட்டன. காலை ஜீப்பில் அங்கே வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்கள்தான் உடனே போன் செய்து சொன்னார்கள். மிதிபட்ட செடிகளுக்கு ஈடு கொடுத்துக் கிடாரிகளை ஓட்டிவந்தோம். தோட்டக்காரர் கேட்டது நியாயமான தொகை. அந்த அக்காமாருக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது.

இனிமேல் தடுப்பூசி முகாமுக்கு முந்தின நாள் மாலையே எல்லா மாடுகளையும் தொழுவுக்கு இறக்கிவிட வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஓட்டிவர ஆள் வேண்டும். ஐப்பசி அடைமழைக்கான முறைப்பட்டியலில் செவ்வாயும் வெள்ளியும் காலியாக இருக்கின்றன. நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.