மாஞ்சோலைத் தேயிலை தானாகக் காடாகிவிடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்ட மலையிலுள்ள மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி தேயிலைத் தோட்டங்கள் பற்றி வரும் செய்திகளில் தொழிலாளர்களின் மறுவாழ்வே முதலிடம் பெறுகிறது. அதுவே முறை. தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்களுக்கு நியாயம் கிடைத்தாக வேண்டும். அதோடு சேர்த்துப் பேசவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது: தேயிலை நின்ற நிலத்தை எப்படிக் காடாக்கப் போகிறோம்?

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து தேயிலை நிறுவனம் 1929இல் பெற்ற 8,373 ஏக்கருக்கான 99 ஆண்டுக் குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. 1988இல் உருவான களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் நடுவே இருக்கும் நிலம் இது. 2018இல் காப்புக்காடாகவும் அறிவித்துவிட்டார்கள். அறிவிப்பு மரத்தை வெட்டவிடாமல் தடுக்கும். மரத்தை முளைக்க வைக்காது. ‘அப்படியே விட்டால் காடாகிவிடும்’ என்கிறார்கள் சிலர். ‘எந்திரம் விட்டுச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு லட்சம் கன்று நடுவோம்’ என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு.

தேயிலை இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம் கொழுந்து பறிப்பும், கிளைகளை வெட்டிவிடும் கவாத்தும்தான். இரண்டையும் நிறுத்தினால் அது மரமாக உயர்ந்துவிடும். ஏறத்தாழ நான்கடிக்கு ஒரு செடி என்று நெருக்கமாக நட்டிருப்பதால் அடியில் வெளிச்சம் விழாது. பறவை போட்ட விதை முளைத்தாலும் இரண்டு இலை விட்டு நின்றுவிடும். மூத்த காட்டை ஒட்டிய ஓரங்களில் காடு தானாகவே மெல்ல உள்ளே வரும். அங்கே களையைக் கவனித்துக்கொண்டால் போதும். காட்டிலிருந்து தள்ளியிருக்கும் நடுப்பகுதிகள்தான் சிக்கல். ஆனைமலையில் வால்பாறைப் பகுதியின் சிதைந்த சோலைத் துண்டுகளில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் வேலை இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. களை எடுத்து, பலவகை நாட்டு மரங்களைக் கலந்து நட்ட இடங்கள், சும்மா விட்ட இடங்களைவிட வேகமாகத் தேறின. மூத்த காட்டுக்குத் தூரத்தில் இருந்த இடங்களில்தான் இந்த வித்தியாசம் பெரிது. நடுவதற்கான பணமும் ஆளும் அங்கேதான் போக வேண்டும்.

எந்திரத்தை ஏன் வேண்டாம் என்கிறோம்? தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் வாங்கும் மலை இது. ஐப்பசியில் நாலுமுக்கிலும் ஊத்திலும் ஒரே நாளில் எவ்வளவு கொட்டும் என்பது உங்கள் மழைச் செய்திகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தச் சரிவில் தேயிலையை வேரோடு பிடுங்கினால் மேல்மண் மணிமுத்தாறு அணையில்தான் போய்ச் சேரும். வேர் மண்ணைப் பிடித்தபடி கிடக்கட்டும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைத் தரையை ஒட்டிக் கவாத்து செய்து, வெட்டிய கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே அங்கேயே போட்டு, அந்த இடைவெளியில் இரண்டு மீட்டருக்கு ஒரு கன்று நடலாம். தேயிலை மறுபடி துளிர்க்கும்; நட்ட கன்று அதைவிட உயரும்வரை ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கையும் கத்தியும் மலையில் வேலை பார்த்தவர்களிடம்தான் இருக்கிறது. இந்தப் பணிக்கு அவர்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. விரும்புகிறவர்களுக்கு முதலில் வேலை கொடுக்க வேண்டும். தினக்கூலியாக இல்லாமல், பல ஆண்டுப் பணியாக.

தோட்டத்தில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களையும் வெளிநாட்டு மரம் என்று உடனே சாய்த்துவிடக் கூடாது. காட்டிலிருந்து வரும் பறவை வந்து உட்கார இன்று அங்கே இருக்கும் கிளை அதுதான். கைவிடப்பட்ட தேயிலையில் நிழல் மரம் நிற்கிற இடத்தில்தான் காட்டு மரக் கன்றுகள் அதிகம் முளைக்கின்றன என்பதை இதே மலையில் செய்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நாட்டு மரங்கள் ஆள் உயரம் தாண்டிய பிறகு, பட்டையை வளையமாகச் சீவிச் சிறிது சிறிதாகப் பட்டுப்போக விடலாம். ஒரேயடியாக வெட்டினால் திடீர் வெயிலில் உண்ணிச்செடி (லண்டானா) என்ற களைதான் கிளம்பும். உண்ணிச்செடியையும் தரைக்கு மேல் வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறங்கி, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகப் போட வேண்டும், அதுவும் காய் பழுப்பதற்குள். களை எடுப்பதற்கு முன் தானாக முளைத்திருக்கும் நாட்டுக் கன்றுகளுக்குக் குச்சி நட்டு அடையாளம் செய்யாவிட்டால் அவையும் களையோடு போய்விடும். நடக்கும் சேதத்தில் பெரிது இதுதான்.

அடுத்தது விதை. இந்தக் காட்டின் முதன்மை மரங்களான வெடிப்பலா, பாலி போன்றவற்றின் விதையைச் சேமித்து வைக்க முடியாது. காய்ந்தால் உயிர் போய்விடும். விழுந்த சில நாட்களுக்குள் ஈரம் குறையாமல் பாத்தியில் போட்டாக வேண்டும். பல மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதும் இல்லை. வனத்துறை அனுமதியோடு, அதே உயரத்தில், பாதையிலும் வடிகாலிலும் விழுந்து வீணாகும் விதையை மட்டும் எடுக்கலாம். காட்டுக்குள் கிடப்பது முள்ளம்பன்றிக்கும் மலையணிலுக்கும் உரியது. நாற்று நடும் பக்குவத்துக்கு வர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். அதற்கு மேல் பையிலேயே வைத்திருந்தால் ஆணிவேர் சுருண்டுவிடும். அப்படிப்பட்ட கன்று நட்ட பிறகும் தேறாது. ஆக, 2028 ஜூனில் நட வேண்டுமென்றால் விதை 2026லேயே நாற்றங்காலுக்கு வந்திருக்க வேண்டும். ஜூனில் நட்டால் முதல் கோடைக்கு முன் இரண்டு மழையும் கிடைக்கும். வெட்டவெளியில் வட்டக்கண்ணி, சந்தன வேம்பு போன்ற வெயில் தாங்கும் மரங்களும், நிழல் இருக்கும் இடத்தில் வெடிப்பலா, பாலி, காட்டு ஜாதிக்காயும் பொருந்தும். இந்தக் காட்டில் சிங்கவால் குரங்குக்கு வெடிப்பலா முக்கிய உணவு. புல்வெளியாகவும் சதுப்பாகவும் இருக்கும் இடங்களில் எதையும் நடக் கூடாது.

பள்ளிகளுக்கும் இதில் உண்மையான வேலை இருக்கிறது. மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பிள்ளைகளிடம் மலைக்கன்றைக் கொடுத்துப் பள்ளி வளாகத்தில் வளர்க்கச் சொல்வதில் பயனில்லை. சமவெளி வெயிலில் அது வாடிவிடும். மாறாக, பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான தேசியப் பசுமைப் படையின் மாணவர்களை வனத்துறை மேலே அழைத்துச் செல்லட்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு குச்சிகளைக் கட்டிய சட்டம் ஒன்று போதும். சில்வர் ஓக்கின் அடியில் ஒருமுறை, திறந்த தேயிலையில் ஒருமுறை வைத்து, உள்ளே எத்தனை வகைக் கன்று முளைத்திருக்கிறது என்று எண்ணட்டும். ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே மாதத்தில் எண்ணினால் அது பாடமாகவும் இருக்கும், வனத்துறைக்கு வேண்டிய பதிவாகவும் இருக்கும்.

அரசிடம் நாங்கள் கேட்பது இவை. எந்தப் பகுதியைத் தானாக வளரவிடுவது, எதில் நடுவது என்று பிரித்த வரைபடத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். நாற்றங்காலைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். நடுவதற்கு மட்டும் நிதி ஒதுக்காமல், பருவமழைக்கு முன்னும் மார்கழியிலுமாக ஆண்டுக்கு இருமுறை களையெடுக்க ஐந்தாண்டு நிதியும் ஒதுக்க வேண்டும். கணக்குக் காட்டும்போது நட்ட கன்றின் எண்ணிக்கையோடு, முதல் கோடை முடிந்தும் ஐந்தாம் ஆண்டிலும் உயிரோடு நிற்கும் எண்ணிக்கையை வகைவாரியாகத் தர வேண்டும். அந்தக் கணக்கைத் தங்கள் நாளிதழும் கேட்டு வாங்கி வெளியிடுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மழைக்காட்டு மறுசீரமைப்புப் பணியில் உள்ளோர்,
அம்பாசமுத்திரம்