அந்தப் பக்கத்த எழுது பாப்பா

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

ஒன் தீசிஸ்ல நம்ம கதையையும் எழுதவான்னு நேத்து கோல்ல நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லாம வச்சிட்டேன்னு வெசனப்பட்டிருப்ப. பக்கத்துல அப்பாவும் தம்பியும் இருந்தாங்க, மழையில சிக்னலும் விட்டு விட்டு வந்துச்சு, அதோட இது ஆமா இல்லன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போற விசயமும் இல்ல. அதான் வாட்ஸ்அப்புல ஒக்காந்து எழுதுறேன், நீளமா வரும், போர்டிங்குக்குப் போயி சாப்புட்டுட்டு ஆறுதலா வாசி.

பதில மொதல்ல சொல்லிர்றேன். எழுது பாப்பா. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாய்மாரோட புள்ளைங்களப் பத்தின ஒன் தீசிஸ்ல, வழிகாட்டுற ஒங்க மேடம் சொன்ன மாதிரியே, எப்பிடி ஆராய்ச்சி செஞ்சன்னு சொல்ற அந்த மெதடொலஜி சாப்டர்ல, நானும் அம்மா வெளிநாட்டுக்குப் போயி அம்மாயிகிட்ட வளந்த புள்ளதான்னு எழுது. வைவான்னு நேர்ல ஒக்கார வச்சு கேள்வி கேக்குறப்ப கேட்டாலும் சொல்லு. எனக்கு சம்மதம்.

ஆனா வெறுமன சம்மதம்னு மட்டும் சொல்லிட்டு விட எனக்கு மனசு இல்ல. நீ அந்தப் புள்ளைங்ககிட்ட இன்டர்வியூ எடுக்க முன்னாடி எதிக்ஸ் கமிட்டிக்கு ஒரு ஃபோம் எழுதினியே, அத தமிழ்ல எழுதுறப்ப எனக்குத்தான் மொதல்ல வாசிச்சுக் காட்டின. எதுக்காகக் கேக்குறோம், ரெக்கோட் பண்றத யாரு யாரு கேப்பாங்க, எப்ப அழிப்போம், புடிக்கலன்னா காரணம் சொல்லாமலே எந்த நேரமும் வெலகிக்கலாம், அதனால ஒனக்கு ஒரு நட்டமும் வராது, அப்பிடின்னு. அத கேட்டுட்டு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. குவைத்துக்குப் போறப்ப நான் கையெழுத்து வச்ச பேப்பர்ல ஒரு வரி கூட எனக்கு வெளங்காது, சப் ஏஜன்ட் வெரல வச்ச எடத்துல எல்லாம் வச்சேன், எவ்வளவு சம்பளம் எத்தன புள்ளைங்க உள்ள வீடுன்னு கூட அங்க போயித்தான் தெரிஞ்சுச்சு. என்னோட வாழ்க்கையில ஒரு பேப்பர்ல என்னைய சேக்குறதுக்கு முன்னாடி முழுசா வெளங்கப்படுத்திட்டுக் கேட்ட மொத ஆளு நீதான். அதனால நானும் ஒழுங்கா யோசிச்சு பதில் சொல்லணும்ல.

ஒனக்கு உள்ளுக்குள்ள இருக்குற பயம் எனக்குத் தெரியும். சொன்னா, நீ உன் சொந்தக் கதையத்தான் ஆராய்ச்சின்னு எழுதியிருக்கன்னு எக்ஸாமினர் சொல்லிருவாரோன்னு ஒன்னு. அம்மாவ ஊரு உலகம் தப்பா நெனச்சிருமோன்னு இன்னொன்னு. ரெண்டாவதுக்கு நீ கவலப்பட வேணாம், நான் போனத தப்புன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல. அப்ப மலையில எடுத்த தேயிலக் கொழுந்துக்கு வந்த சம்பளத்துல ஒன்ன டவுன் ஸ்கூலுக்கு அனுப்பியிருக்கவே முடியாது, அதுதான் உண்ம, அத யாரு முன்னாலயும் சொல்லுவேன்.

மொதலாவதுக்கு பதில் நீயே எனக்கு சொல்லிக் குடுத்ததுலதான் இருக்கு. போன தடவ லீவுக்கு வந்தப்ப அடுப்புகிட்ட ஒக்காந்துக்கிட்டு, தாய்க்கும் புள்ளைக்கும் உள்ள ஒட்டுறவப் பத்தி ஆராய்ஞ்ச போல்பி கதைய சொன்னியே, எனக்கு அப்பிடியே ஞாபகம் இருக்கு. லண்டன்ல பெரிய எடத்துப் புள்ள, 1907ல பொறந்தவரு, பெத்த தாய ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரந்தான் பாப்பாராம், தூக்கி வளத்தது மின்னின்னு ஒரு ஆயா, இவருக்கு நாலு வயசு ஆகப் போறப்ப அந்த ஆயா வேலைய விட்டுட்டுப் போயிருச்சாம், பெரியாளான பொறகும் தாய எழந்த மாதிரி அந்த வலிய சொல்லுவாராம். அதே மனுசன்தான் 1951ல உலக சுகாதார நிறுவனத்துக்கு, தாயப் பிரிஞ்ச புள்ளைங்களுக்கு என்ன ஆகுதுன்னு அந்தப் பெரிய ரிப்போட்ட எழுதிக் குடுத்தாரு. தனக்கு வலிச்ச எடத்துலதான் அவரும் தேடியிருக்காரு, அதுக்காக அவரு ஆராய்ச்சிய யாரும் தூக்கிப் போட்டுறலியே. சரியில்லாதத பின்னாடி வந்தவங்க திருத்தினாங்க, அம்மா மட்டுந்தான் புள்ளைக்கு எல்லாம்னு மொதல்ல அழுத்தி எழுதினத நெறைய பேரு கேள்வி கேட்டாங்கன்னும் நீதான் சொன்ன.

எனக்கு அந்தக் கதையில மின்னியத்தான் மறக்க முடியல. ஏன்னா நானும் குவைத்துல ஒரு மின்னிதான. அந்த வீட்டுச் சின்னப் பய என் மேலதான் தூங்குவான், நான் வரப்போற அன்னைக்கு என் கவுன புடிச்சுக்கிட்டு விடல. அங்க ஒருத்தன் போகாதன்னு அழுறான், இங்க ஒருத்தி அம்மா யாருன்னு மறந்து நிக்கிறா. ஒரே பொம்பள ரெண்டு புள்ளைக்கும் நடுவுல. அது ஒன் தீசிஸ்ல வராது, வேற தலைப்புன்னு தெரியும், ஆனா நாளைக்கு பிஎச்டி செய்றன்னா அத யோசி.

அப்புறம் அதே ஒட்டுறவ ஆராய்ஞ்ச அந்த ஐன்ஸ்வர்த் அம்மா. பால்டிமோர்ல ஒரு ரூமுல வெளையாட்டுச் சாமான் எல்லாம் வச்சு, ஒரு வயசுப் புள்ளையையும் தாயையும் விட்டு, தெரியாத பொம்பள ஒன்ன உள்ள அனுப்பி, தாய வெளிய போகச் சொல்லி, மூணு நிமிசம் மூணு நிமிசமா பாப்பாங்கன்னு சொன்ன. நான் அப்ப நெனச்சேன், மூணு நிமிசத்துல என்னத்த பாத்திருவாங்கன்னு. ஆனா நீ சொன்ன, தாய் போறப்ப புள்ள எவ்வளவு அழுதுங்கிறத விட, திரும்பி வர்றப்ப என்ன செய்யிதுங்கிறதத்தான் முக்கியமா பாக்குறாங்கன்னு. எனக்கு நெஞ்ச யாரோ புடிச்ச மாதிரி ஆயிருச்சு பாப்பா. நான் மொத கொன்ட்ராக் முடிச்சு வந்தப்ப நீ வாசல் இஸ்தோப்புல நின்ன, சூட்கேஸப் பாத்த, என்னையப் பாத்த, நேரா ஓடிப்போயி அம்மாயி சீலைக்குப் பின்னாடி நின்னுக்கிட்ட. கொண்டு வந்த பொம்மைய கூட அம்மாயி கையாலதான் வாங்கின. ராத்திரி என் பக்கத்துல படுக்கல. அப்பா அதட்டப் போனாரு, அம்மாயிதான் விடு விடு அதா வரும்னு சொன்னுச்சு. வந்த, மெதுவா, கொழுந்து சீசன் ஒன்னு முடியிற அளவுக்கு ஆச்சு.

அத நீ இன்னும் வாயால கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல, ஆனா தீசிஸ்ல நாலாவது தீமா, அதாவது அந்தப் புள்ளைங்க பேச்சுல இருந்து நீ எடுத்த நாலாவது கருத்தா எழுதியிருக்கியே, திரும்பி வந்த அம்மாவ மறுபடி பழகிக்கிட்டதப் பத்தி, அத தமிழ்ல சொல்லிக்காட்டுறப்ப உன் கொரலு மாறிருச்சு. பன்னெண்டு பேருட்ட பேசி அதுல இத நீ புடிச்சிருக்கன்னா, நீ அந்த எடத்துல நின்னதாலதான் புடிச்ச. ப்ரோன், கிளார்க்னு ரெண்டு பேரு 2006ல எழுதின முறையத்தான நீ எடுத்திருக்க, ஆறு கட்டம்னு. அவங்களே சொல்றாங்களாமே, தீம் எல்லாம் தானா மேல வந்து நிக்காது, ஆராய்ச்சி செய்ற ஆள்தான் தேடி எடுக்குறாங்கன்னு. கொழுந்து தானா கூடைக்குள்ள விழாது, ஆயுற கை யாருடையதுன்னு சொல்லணும்ல. அந்த ஒரு பக்கம் இல்லாட்டி வாசிக்கிறவங்க நீ எங்கருந்து பாத்தன்னு தெரியாம வாசிப்பாங்க. ஒன் மேடம் கேட்டதும் இதத்தான்னு நெனைக்கிறேன்.

வைவாவுல நீ தோட்டத்து லயத்துப் புள்ள ஆச்சே எப்பிடி நடுநெலையா பாத்தன்னு கேட்டா தல குனியாத. என்ன என்ன செஞ்சேன்னு சொல்லு. ஒவ்வொரு இன்டர்வியூ முடிஞ்சதும் நீ தனியா ஒரு கொப்பில உனக்கு என்ன தோணுச்சுன்னு எழுதி வச்ச, அவங்க பேசினத பிரிச்சுக் குறிச்ச கோடிங்க மேடத்துகிட்ட காட்டி அவங்க ஒத்துக்காத எடத்துல திரும்ப கேட்ட, உனக்குப் புடிக்காத கதையையும் விடாம போட்ட. அம்மா வராமலே இருந்திருக்கலாம்னு சொன்ன அந்தப் பொடியன் பேச்ச கூட நீ வெட்டல, அது எனக்குக் கேக்கக் கஷ்டமா இருந்தாலும் வெட்டாதது சரி.

லண்டன்லயும் அமெரிக்காவுலயும் வந்த இந்த ஒட்டுறவுத் தியரி இந்த பத்துக்குப் பன்னெண்டடி காம்பராவுக்குப் பொருந்துமான்னும் கட்டாயம் கேப்பாங்க. அப்ப உகாண்டாவ சொல்லு. ஐன்ஸ்வர்த் 1954லயே கம்பாலாகிட்ட கிராமங்கள்ல 26 குடும்பத்த வீடு வீடா போயி பாத்துட்டுத்தான் பின்னாடி அந்த ரூமுக்கு வந்தாங்கன்னு. அங்கயும் தாயோட மத்தவங்களும் சேந்து புள்ள பாத்தாங்க. நம்ம லயத்துலயும் அப்பிடித்தான, காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப, புள்ளைங்கள பாத்துக்குற புள்ளக் காம்பராவுல விடுவோம், பக்கத்துக் காம்பரா சித்தி தலைக்கு ஊத்தி விடுவா, அம்மாயி சோறூட்டும். தாய் இல்லாத வீடுன்னு எழுதினவங்க எல்லாம் அந்த வீட்டுல யாரு இருந்தாங்கன்னு எழுதல. நீ எழுதியிருக்க. அதனாலதான் சொல்றேன், உன்னையப் பத்தி எழுதுற பக்கத்துல அம்மாயியும் கட்டாயம் வரணும். நான் கெசட்ல பேசி அனுப்புனத போட்டுப் போட்டு ஒனக்கு என் கொரல மறக்காம வச்சது அது. அது இன்னைக்கு உசுரோட இல்ல, அதுகிட்ட சம்மதம் கேக்க முடியாது, பெத்த மகளா நான் குடுக்குறேன்.

இன்னொன்னு அந்தக் கடைசி சாப்டர். 2013ல இலங்கை அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்துச்சு, அஞ்சு வயசுக்குக் கொறஞ்ச புள்ள இருக்குற தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாதுன்னு, குடும்பப் பின்னணி அறிக்க வேணும்னு. 2022ல ஊரே பட்டினி கெடக்குறப்ப அத ரெண்டு வயசுன்னு கொறச்சாங்க. புள்ளையோட மனசு மாறல, நாட்டுக்குக் காசு தேவப்பட்டப்ப வயசு மாறுச்சு. கொழும்புல கடையில நின்னு வருசத்துக்கு ரெண்டு தடவ வர்ற தகப்பன்கிட்ட யாரும் பின்னணி அறிக்க கேட்டதில்ல. எக்ஸாமினர் ஒங்கிட்ட அப்ப தாய்மார் போகக் கூடாதுன்னு சொல்றியான்னு கேட்டா, அவசரப்பட்டு ஆமாவும் சொல்லாத இல்லையும் சொல்லாத. ஒன் ஆராய்ச்சி அதுக்குப் பதில் சொல்ற ஆராய்ச்சி இல்ல. தாய் போன வீட்டுல யாரு இருந்தா புள்ள தாங்கிச்சு, திரும்பி வந்த தாய்க்கும் புள்ளைக்கும் ஸ்கூல்லயோ கிளினிக்லயோ யாராச்சும் ஒதவி இருந்துச்சா, அத மட்டும் சொல்லு, அது போதும். பன்னெண்டு பேரு போதுமான்னு கேட்டாலும் இதேதான், எத்தன பேருக்குன்னு எண்ண நீ போகல.

ஆனா ஒரு கொற இருக்கு, அத அவங்க கேக்க முன்னாடி நீயே எழுதிரு. உங்கிட்ட பேச வந்த புள்ளைங்க எல்லாம் ஏஎல் பரீட்ச வரைக்கும் படிச்சதுங்க, நல்லா பேசத் தெரிஞ்சதுங்க. தோட்டத்து மேல் பகுதி மேக்கணக்குல தாய் போயி திரும்பியே வராத வீடு இருக்கு, அந்தப் புள்ள வரமாட்டேன்னு சொல்லிருச்சு, பதினாலு வயசுலயே வேலைக்குப் போன பொடியனுங்க வரல. அதிகமா அடிபட்டதுங்க உன் தீசிஸ்ல இல்ல பாப்பா.

இப்ப எழுதக் கூடாதது. தோட்டத்துப் பேரு போடாத. மத்தவங்க பேர மாத்திட்டேன்னு நீ நிம்மதியா இருக்க, இந்த எடத்துல பேர மாத்தினா போதாது. அப்பா ரெண்டாந்தாரம் கட்டிக்கிட்டு, அம்மா சவூதியில இருந்து காலு ஒடஞ்சு வந்துன்னு ஒரு வரி இருக்கே, நம்ம பக்கம் பஸ்ல வர்ற யாருகிட்ட வாசிச்சுக் காட்டினாலும் எந்த லயம் எந்த காம்பரான்னு சொல்லிருவாங்க. அது நல்ல பகுதின்னு தெரியும், அத எடுத்தா அந்த தீம் மெலிஞ்சு போகும்னும் சொன்ன. போகட்டும். பைண்ட் பண்ணி லைப்ரரில வச்சா அம்பது வருசம் இருக்கும், அந்தப் புள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கு. அந்த விவரங்கள கலச்சுப் போடு இல்ல எடுத்துரு, இல்லாட்டி அவகிட்டயே வாசிச்சுக் காட்டி இத வைக்கவான்னு திரும்பக் கேளு. என் கதைக்கு நான் சம்மதம் சொல்லலாம், அவ கதைக்கு நான் சொல்ல முடியாது.

என் கதையில, குவைத்துல அந்த ரெண்டாவது வீட்டுல நடந்தது வேணாம். அது ஒனக்குத் தெரியும், அது ஒன் ஆராய்ச்சிக்குத் தேவையும் இல்ல. மத்ததெல்லாம் எழுதலாம், சூட்கேஸ் வந்த நாள் உட்பட.

வைவாவுல தீசிஸுக்குக் கரெக்சன் குடுத்தா அழுதுட்டு கோல் எடுக்காத, குடுக்காம யாரையும் விடமாட்டாங்கன்னு நீதான் சொன்ன. காலையில சும்மா தேத்தண்ணியோட போகாத, சோறோ ரொட்டியோ சாப்புட்டுட்டுப் போ. நீல சீலைய அயன் பண்ணி தம்பிகிட்ட குடுத்து விடுறேன், அவன் வெள்ளிக்கெழம ஹட்டன்ல இருந்து ரயில்ல வர்றான்.

அந்தப் பக்கத்த எழுதி முடிச்சதும் தமிழ்ல சொல்லி ஒரு வொயிஸ் அனுப்பு. அதுல அப்பாவும் வருவாரு, அன்னைக்கு ஒன்ன அதட்டப் போனதும் வரும், அதனால அவருகிட்டயும் நீ தனியா கேக்கணும், அவருக்கும் சேத்து நான் தலையாட்ட முடியாது. இந்த வாரம் பெக்டரில அவருக்கு ராத்திரி வேல, பகல் ரெண்டு மணிக்கு மேல முழிச்சிருப்பாரு, அப்ப எடு.

இப்படிக்கு,
அம்மா