திரும்ப எடுத்துக்கொண்டு வர முடியுமா?

அன்புள்ள கயலுக்கு,

வலைப்பதிவும் பாட்காஸ்டும் தொடங்க நீ போட்ட பட்டியலைப் பார்த்தேன். வலைப்பதிவுக்கு நான்கு தளங்கள், பாட்காஸ்டுக்கு மூன்று, சமூக ஊடகத்தில் ஐந்து கணக்கு, அந்த ஐந்தையும் மேய்க்க இரண்டு செயலி. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்னென்ன வசதி உண்டு என்று பொறுமையாகக் குறித்திருக்கிறாய். ஒரு கட்டம் மட்டும் குறைகிறது. அதை விட்டு விலக நேர்ந்தால் எதையெல்லாம் கையோடு எடுத்துக்கொண்டு வரலாம்? அந்தக் கட்டத்தையும் போட்டு நிரப்பிப் பார், பட்டியலில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

பெரிய நிறுவனம் நடத்துகிறதே என்று இதைத் தள்ளிப்போடாதே. வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-ல் மூடப்பட்டது. குறுவீடியோத் தளமான வைன் 2017-ல், சமூக ஊடகமான கூகுள் பிளஸ் 2019-ல், பாட்காஸ்ட் செயலியான ஸ்டிச்சர் 2023-ல், கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல். இதில் கூகுள் பாட்காஸ்ட்ஸ் போனபோது நிகழ்ச்சி நடத்தியவர்களுக்கு ஒரு எபிசோடும் அழியவில்லை. அது கேட்பதற்கான செயலி மட்டும்தான். ஒலிக்கோப்பும், எபிசோடுகளைப் பட்டியலிட்டுச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் ஃபீடும் வேறிடத்தில் இருந்தன. கூகுள் பிளஸ்ஸில் மட்டுமே எழுதிவந்தவர்களோ, கெடுவுக்குள் தரவிறக்கிக்கொள்ளாவிட்டால் எழுதியதெல்லாம் போச்சு.

ஆகவே முதல் செலவு டொமைனுக்கு, அதாவது உன் தளத்தின் சொந்த இணையப் பெயருக்கு. தளம் அமைத்துத் தருகிறவர் பெயரிலோ நண்பர் பெயரிலோ வேண்டாம், உன் பெயரிலேயே பதிவு செய். டொமைனை விற்கும் பதிவாளரிடம் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சல் பெட்டியும் சேர்ந்து நின்றுபோகும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் வராது, கடவுச்சொல்லை மீட்கும் லிங்க்கும் வராது. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வை. வங்கி அட்டை மாறினால் அங்கேயும் உடனே மாற்று. புதுப்பிக்க மறந்து டொமைனை இழக்கிறவர்களைப் போலவே, பழைய அட்டை எண் செல்லாமல் போய் இழக்கிறவர்களும் உண்டு. டாட் காம் மாதிரியானவற்றில் பதிவாளரின் அவகாசம் முடிந்து டொமைன் நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம் அதிகம். அதற்கும் பிறகு 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கிய முதல் 60 நாளுக்கு வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாது என்பதால், யாரிடம் வாங்குகிறாய் என்பதை முன்பே யோசி.

வலைப்பதிவுத் தளங்களில் பிளாகர், வேர்ட்பிரஸ், கோஸ்ட் மூன்றிலும் சொந்த டொமைனைக் கட்டலாம். மீடியமும் சப்ஸ்டாக்கும் பதிவுகளைத் தரவிறக்கக் கொடுத்துவிடும், ஆனால் தளத்தின் தோற்றத்திலும் அமைப்பிலும் உன் கை அவ்வளவாக ஓடாது. மாதம் இரண்டு கட்டுரை எழுதப்போகிற உனக்கு, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நிறுவனமே ஏற்றுக்கொள்ளும் வேர்ட்பிரஸ்.காம் போதும் என்பேன். சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் சுதந்திரம் கூடும்; கூடவே புதுப்பிப்பு, பேக்கப், பாதுகாப்பு எல்லாம் உன் தலையில். எப்படியும், கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின்களை அள்ளிப் போடாதே. முக்கியமாக, பக்கத்தை இழுத்து இழுத்து வடிவமைக்கும் பேஜ் பில்டர்கள். அவற்றில் பல, கட்டுரைக்குள் சதுர அடைப்புக்குறியில் தங்கள் குறிச்சொற்களை நுழைத்துவிடும். பிளகினை நிறுத்திய அன்று பழைய கட்டுரை முழுக்க அந்தக் குப்பை அப்படியே தெரியும்.

எதில் சேர்வதற்கு முன்பும் ஒரு ஒத்திகை பார். இலவசக் கணக்கு திறந்து, படங்களோடு மூன்று பதிவு போட்டு, எக்ஸ்போர்ட் செய்து, இறங்கிய கோப்பைத் திறந்து பார். வேர்ட்பிரஸ் தரும் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்தும் கருத்துரைகளும் பகுப்புகளும் இருக்கும், படங்கள் இருக்காது. அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். புதிய தளத்தில் இறக்குமதி செய்யும்போது பழைய தளத்திலிருந்துதான் படங்கள் இழுக்கப்படும். பழையதை முதலில் மூடிவிட்டு இறக்குமதி செய்தால் படம் இருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டம்தான். அதனால் மூலப் படங்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்திரு.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தலைப்பைத் தமிழில் தட்டியதும் பதிவின் முகவரியும் தமிழிலேயே உருவாகும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக ஒன்றுக்கு ஒன்பது. ‘தொழில்நுட்பம்’ என்ற ஒரே சொல், கொம்பும் காலும் புள்ளியும் சேர்த்து 13 குறி, முகவரியில் 117 எழுத்து. வேர்ட்பிரஸ் 200-க்கு மேல் வெட்டிவிடும் என்பதால் 22 குறிகளோடு முகவரி அந்தரத்தில் நிற்கும். வாட்ஸ்அப்பில் ஒட்டினாலோ ஒரு முழப் புழு மாதிரி நீளும். தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரியை மட்டும் வெளியிடுவதற்கு முன்பே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாகச் சுருக்கிவிடு. வெளியிட்ட பிறகு மாற்றினால் பகிர்ந்த லிங்க்குகள் உடையக்கூடும். ஒலிக்கோப்பின் பெயருக்கும் இதே கதைதான்.

மின்னஞ்சல் மடலும் வேண்டுமென்று எழுதியிருந்தாய், நல்ல யோசனை. வாசகர் முகவரிகளை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிகிற சேவையாகப் பார். சேருகிறவர்கள் ஒரு உறுதி மடலைச் சொடுக்கிய பிறகே பட்டியலில் ஏறும்படி வை. தப்பான முகவரிகள் அங்கேயே நின்றுவிடும். மடல் உன்னிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகள் மூன்றையும் டொமைனில் சேர்க்க மறக்காதே. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் இந்த மூன்றையும் கேட்கின்றன. சின்னப் பட்டியல்தானே என்று விட்டால் மடல் ஸ்பேமில் போய் விழும்.

இனி பாட்காஸ்ட். மூன்றிலும் இதில்தான் நிதானம் வேண்டும். பாட்காஸ்ட் என்பது அடிப்படையில் ஒரு ஆர்எஸ்எஸ் ஃபீடு. ஒவ்வொரு எபிசோடுக்கும் அதில் ஒரு பதிவு, அதற்குள் ஒலிக்கோப்பின் முகவரி. ஆப்பிளும் ஸ்பாட்டிஃபையும் அந்த ஃபீடைப் படித்துத்தான் காட்டுகின்றன. ஒலிக்கோப்பையும் ஃபீடையும் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது இதுதான்: விலகிப் போனால் பழைய ஃபீடு முகவரியைப் புதியதற்கு 301 முறையில், அதாவது நிரந்தர மாற்றமாக, திருப்பிவிடுவாயா, எவ்வளவு காலத்துக்கு? நேரான பதில் வராவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடு. இலவசத் திட்டம் என்றால் எபிசோடுகள் எத்தனை நாள் இருக்கும் என்றும் பார். 90 நாளில் நீக்கிவிடுகிற திட்டங்கள் உண்டு.

ஆப்பிள், ஸ்பாட்டிஃபை, யூடியூப் மூன்றிலும் உன் சொந்தக் கணக்கில் நுழைந்து நீயே ஃபீடைச் சேர். ‘ஒரே சொடுக்கில் எல்லா இடத்துக்கும்’ என்ற பொத்தானை அழுத்தினால் சில சமயம் நிகழ்ச்சி ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணக்கில் உட்கார்ந்துவிடும். பிறகு அதை உன் பெயருக்கு மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஃபீடில் உன் மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். நிகழ்ச்சி உன்னுடையதுதானா என்று சோதிக்கும் குறியீட்டை ஸ்பாட்டிஃபை அந்த முகவரிக்குத்தான் அனுப்பும். அட்டைப்படம் சதுரம், 1400-லிருந்து 3000 பிக்சலுக்குள், ஜேபெக் அல்லது பிஎன்ஜி. கைபேசியில் அது நகக்கண் அளவுக்குத்தான் தெரியும், அதனால் எழுத்தை நெருக்கி அடைக்காதே.

ஹோஸ்டிங்கை மாற்ற நேர்ந்தால் வரிசை முக்கியம். புதிய இடத்தில் பழைய ஃபீடை இறக்குமதி செய். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஃபீடில் ‘ஜியூஐடி’ (guid) என்று ஓர் அடையாளக் குறி இருக்கும். அது இரண்டு ஃபீடிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று நாலைந்து எபிசோடை ஒப்பிட்டுப் பார். மாறியிருந்தால் செயலிகள் பழைய எபிசோடுகளைப் புதிதென்று நினைத்து மறுபடி இறக்கும். கேட்பவருக்கு எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். சரியாக இருந்தால் மட்டும் 301 திருப்பத்தைப் போடச் சொல். ஆப்பிள் குறைந்தது நான்கு வாரம் அதை வைக்கச் சொல்கிறது. விட்டால் ஒரு வருஷம் வை, எப்போதோ ஒருமுறை செயலியைத் திறக்கிறவர்களும் இருப்பார்கள்.

ஒலிப்பதிவுக்கு நீ ப்ளூடூத் ஹெட்செட்டைக் குறித்திருக்கிறாய், அது வேண்டவே வேண்டாம். ப்ளூடூத்தில் மைக்கும் சேர்ந்து இயங்கத் தொடங்கினால் பெரும்பாலானவை தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், அதைப் பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. யூஎஸ்பி டைனமிக் மைக் ஒன்று போதும்; சாம்சன் கியூ2யூ மாதிரி யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ளதாக இருந்தால் பின்னாளில் மிக்ஸரோடும் இணைக்கலாம். கண்டென்சர் மைக் துல்லியமானதுதான். ஆனால் சுவர் எதிரொலிக்கும் அறையில் அந்தத் துல்லியமே வினை. மின்விசிறியையும் தெருவையும் சேர்த்துப் பிடிக்கும். அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார். ‘டங்’ என்று ஓசை நீண்டால் திரைச்சீலை, மெத்தை, துணி அலமாரி இருக்கிற அறைக்கு மாறு. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல்கடை இடைவெளி, சற்றே பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று முட்டும். உரக்கப் பேசும்போது அளவுமானி -12 டெசிபெலுக்கும் -6 டெசிபெலுக்கும் நடுவே ஆடட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி சிதையும்.

வெளியூர் விருந்தினரோடு பேசும்போது அவரவர் முனையில் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். வீடியோ அழைப்பில் வரும் குரல் ஏற்கெனவே நசுக்கப்பட்டது. இருவரும் 48 கிலோஹெர்ட்ஸ் என்று முன்கூட்டியே பேசிவைத்து, தொடக்கத்தில் ஒரு கைதட்டல் போட்டுக்கொண்டால் இரண்டு தடங்களையும் பொருத்துவது சுலபம். அப்படியும் மணிக்கணக்கில் போனால் இரு கணினிகளின் கடிகாரமும் மெல்ல விலகும். நடுவே ஓரிடத்தில் வெட்டி நகர்த்த வேண்டியிருக்கும்.

தொகுக்க ஆடாசிட்டி போதும், அது இலவசம். முதலில் வேண்டாததை வெட்டு. அப்புறம் இரைச்சல் நீக்கம். அதற்குப் பதிவின் தொடக்கத்தில் நாலைந்து விநாடி பேசாமல் இருந்திருக்க வேண்டும், அறையின் ஓசையை அங்கிருந்துதான் அது கற்றுக்கொள்ளும். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர், அதன் பிறகே உரத்த, மெல்லிய ஒலிகளின் வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர். இந்த வரிசையைத் திருப்பினால் கம்ப்ரஸர் இரைச்சலையும் தூக்கிவிட்டு, நீக்கும்போது குரல் தகரம் மாதிரி ஆகிவிடும். கடைசியாகச் சத்த அளவு: ஆப்பிள் கேட்பது -16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு), உச்சம் -1 டெசிபெலைத் தாண்டக் கூடாது. ஒற்றைக் குரலுக்கு மோனோ, 96 கேபிபிஎஸ் எம்பி3. அரை மணி நேரத்துக்கு 21.6 எம்பி வரும். தொகுத்த வேவ் கோப்பை, அதாவது சுருக்கப்படாத மூல ஒலிக்கோப்பை, அழிக்காதே. பின்னால் திருத்தம் வந்தால் அதிலிருந்து புது எம்பி3 எடு, எம்பி3-யைத் திறந்து திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.

சமூக ஊடகத்துக்கு ஐந்து வேண்டாம், இரண்டு போதும். மற்ற மூன்றிலும் பெயரை மட்டும் பிடித்து வை. பதிவின் லிங்க்கைப் பகிர்ந்தால் வரும் முன்னோட்டப் படம் 1200-க்கு 630 பிக்சல். கனமான படம் வாட்ஸ்அப்பில் சில நேரம் வராது, சில நூறு கேபிக்குள் சுருக்கு. படத்தை மாற்றிய பிறகும் ஃபேஸ்புக் பழையதையே காட்டினால் அவர்களுடைய ஷேரிங் டீபக்கரில் முகவரியைப் போட்டு மறுபடி எடுக்கச் சொல். இன்ஸ்டாகிராம் பதிவின் விளக்கத்தில் போடும் லிங்க்கைச் சொடுக்க முடியாது, சுயவிவரத்தில்தான் வைக்க வேண்டும். நிற்கும் வீடியோ 1080-க்கு 1920. கீழ்ப்பகுதியைப் பொத்தான்கள் மறைக்கும் என்பதால் எழுத்தை நடுவில் வை.

நேரம் குறித்து வெளியிடும் செயலிகளில் ஒன்றைக் கவனி. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் சொந்த அனுமதிப் பக்கத்துக்கு உன்னை அனுப்பி இணைத்தால் சரி. கடவுச்சொல்லைத் தன் பெட்டியிலேயே தட்டச் சொன்னால் அந்தச் செயலி வேண்டாம். அந்த அனுமதிகளுக்கும் காலாவதி உண்டு, கடவுச்சொல்லை மாற்றினாலும் அறுந்துபோகும். அப்போது குறித்து வைத்த பதிவுகள் சத்தமில்லாமல் நின்றுவிடும். தோல்வி அறிவிப்பு மின்னஞ்சலுக்கு வரும்படி வைத்துக்கொள். ட்விட்டர் 2023-ல் பழைய இலவச ஏபிஐயை (வேறு செயலிகள் அதனோடு இணையும் வழியை) நிறுத்தியபோது இப்படித் தொங்கிக்கொண்டிருந்த பல கருவிகள் ஒரேயடியாகச் செத்தன.

எண்ணிக்கையைப் பார்த்து முதல் மாதமே மனசு உடையாதே. பாட்காஸ்டில் ‘டவுன்லோடு’ என்பது கோப்பு இறங்கிய கணக்கு, முழுதாகக் கேட்ட கணக்கில்லை. 2023-ல் ஐஓஎஸ் 17 வந்து ஆப்பிள் தானாக இறக்கும் முறையை மாற்றியபோது, கேட்பவர் குறையாமலே பலருக்கு எண் சரிந்தது.

டொமைன் வாங்கியதும் பெயரைச் சொல். சோதனைக்கு இரண்டு நிமிடம் பேசி வேவ் கோப்பாக அனுப்பு, எம்பி3 வேண்டாம். அறை எப்படி, மைக் தூரம் எப்படி என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா