சீட்டில் ‘நார்மல்’ என்று எழுதும் மருத்துவர்களுக்கு

திருநெல்வேலிச் சீமையில் நெஞ்சக நோய் பார்க்கும் டாக்டர்களுக்கு வணக்கம்.

என் அம்மா முக்கூடலில் 38 வருசமாகப் பீடி சுற்றுகிறாள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். அவள் தூளை உதறினால் பக்கத்தில் இருக்கிற நமக்குத் தும்மல் வரும், அவளுக்கு வராது. ஒரு பீடியைக்கூட வாயில் வைத்தவள் இல்லை. ஆனால் ஆற்றில் குளித்துவிட்டுப் படித்துறை ஏறும்போது நாலு படிக்கு ஒருதரம் உட்கார்ந்துவிடுகிறாள்.

உங்களில் ஒருவர் எக்ஸ்ரே எடுத்தார், மூச்சை அளக்கும் குழாயில் ஊதவும் வைத்தார். “எல்லாம் நார்மல்மா, வயசாகுதுல்ல” என்றார். ஆட்டோவில் அம்மா கேட்டாள்: “நல்லாருக்குன்னா எனக்கு ஏம்ல மூச்சு முட்டுது?”

நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன். நுரையீரல் எங்கள் திரையில் ஏறக்குறையக் கறுப்பாகத்தான் விழும். மெஷின் பிடிப்பது தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனின் சிக்னலை. அங்கே இருப்பதோ பெரும்பாலும் காற்று. அந்தக் காற்றையே படம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. செனான்-129 வாயுவை ருபிடியம் என்ற உலோகத்தின் ஆவியோடு கலந்து லேசர் ஒளி பாய்ச்சினால் அதன் சிக்னல் பல்லாயிரம் மடங்கு கூடும். அதைப் பையில் பிடித்து, நோயாளி உறிஞ்சி, பத்துப் பதினைந்து வினாடி மூச்சை அடக்கினால் போதும். காற்று போகாத இடம் படத்தில் ஓட்டைபோலத் தெரியும். கதிர்வீச்சு கிடையாது, சிலருக்கு லேசாகத் தலை சுற்றலாம். செனான் ரத்தத்திலும் கரைவதால், காற்றறையைத் தாண்டி அது சிவப்பணுவுக்குப் போய்ச் சேருகிறதா என்பதையும் பார்க்கலாம். ஊதும் குழாய் மொத்த நுரையீரலுக்கும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும், எந்த மூலை அடைத்திருக்கிறது என்று காட்டாது. கொரோனாவுக்குப் பிறகும் மூச்சு வாங்கியவர்களில், சிடி ஸ்கேன் ஏறக்குறைய நார்மலாக இருந்தவர்களிடமே ஆக்ஸ்போர்டு, ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் இந்த முறையில் கோளாறைக் கண்டார்கள். காற்றோட்டம் பார்க்க 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா 2022 டிசம்பரில் அனுமதியும் கொடுத்துவிட்டது.

நாளைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் கொண்டு வந்து வையுங்கள் என்று கேட்க மாட்டேன். செனான் விலை தெரியும். வாயுவைத் தயாரிக்கத் தனி மெஷின் வேண்டும், சிக்னலைப் பிடிக்க அதன் அலைவரிசைக்கு ஏற்ற காயில் (கம்பிச்சுருள்) வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் மெஷின் ஹைட்ரஜனைத் தவிர வேறெதையும் கேட்காது. என்றைக்காவது தென்மாவட்டத்துக்கு அது வந்தால், சிகரெட் பிடிப்பவர்களோடு நிறுத்திவிடாமல் பீடி சுற்றும் பொம்பளைகளையும் முதல் பட்டியலில் சேருங்கள்.

அதுவரைக்கும் சீட்டில் ‘நார்மல்’ என்று எழுதாமல், ‘ஊதிப் பார்த்ததில் குறை தெரியவில்லை’ என்று எழுதலாமே. அம்மாவின் ஓபி சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று போட்டிருக்கிறது. அடுத்த மாதம் கூட்டி வருகிறேன், அதையும் மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
முக்கூடல் பீடித் தொழிலாளி ஒருத்தியின் மகன்