லூத்தர் சொன்னது அது இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீர்திருத்தத் திருநாளையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'விசுவாசித்தால் போதும், நல்லது செய்ய வேண்டியதில்லை' என்றார் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர், 'நற்செயல் செய்தே மோட்சம் போகலாம்' என்கிறார்கள் கத்தோலிக்கர்கள், சண்டையே இதுதான் என்று கட்டுரையாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். இரண்டுமே தப்பு.

1517ல் லூத்தரைக் கொதிக்க வைத்தது பாவத் தண்டனையைக் குறைக்கும் என்று சொல்லித் திருச்சபை காசுக்கு விற்ற சீட்டு வியாபாரம். வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்கு, மீதிப் பாதி மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தன் பதவிக்காக ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைப்பதற்கு (சீட்டு விற்றவர்கள் இந்த இரண்டாவது கணக்கை மேடையில் சொல்லவில்லை). கடவுள் பாவியை ஏற்றுக்கொள்வது கிறிஸ்துவுக்காகத்தான், அதற்கு நம் பக்கத்திலிருந்து விலை எதுவும் கிடையாது, விசுவாசம்கூட நாம் கட்டுகிற கட்டணம் இல்லை, கொடுப்பதை வாங்கிக்கொள்வது மட்டும்தான் என்பது பைபிளில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்திலிருந்து லூத்தர் எடுத்த முடிவு. அப்புறம் என்ன, இஷ்டம்போல வாழலாமா? இந்தக் கேள்வியைப் பவுலே அதே நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் கேட்டு, கூடாது என்று அடித்துச் சொல்கிறார். லூத்தரும் 1520லேயே எழுதிவிட்டார்: நல்ல செயல்கள் ஒருவனை நல்லவன் ஆக்குவதில்லை, ஆனால் நல்லவன் நல்ல செயல்களைச் செய்வான். செயலில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லும் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று அவர் எழுதியது உண்மைதான், அதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அதை வைத்து அவருக்கு நற்செயலே வேண்டாம் என்று சொல்வது நியாயமில்லை.

சரி, கத்தோலிக்கர்? விசுவாசம் மட்டுமே போதும் என்ற போதனையைத் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547ல் கண்டித்தது உண்மை. அதே தீர்மானத்தின் முதல் விதியையும் கட்டுரையாளர் படித்திருக்கலாம்: தேவகிருபை இல்லாமல் தன் செயல்களாலேயே ஒருவன் நீதிமானாக முடியும் என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன் என்கிறது அது.

எனக்குப் பெரிய வருத்தம், 1999 அக்டோபர் 31ஆம் தேதி பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாததுதான். அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கடவுள் பாவியை எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்ற இதே உபதேசத்தைப் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நம்மை நற்செயல்களுக்கு அழைக்கிறது என்று. 2006ல் மெதடிஸ்டுகளும் 2017ல் கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபைகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஒருவன் ஒரே சமயத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்று லூத்தரன்கள் சொல்வதைக் கத்தோலிக்கர்கள் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

எங்கள் நாகர்கோவில் பக்கம் இரண்டு சபைகளும் ஒரே தெருவில் இருக்கின்றன, இந்த அறிக்கையைப் பற்றி இரண்டு பிரசங்க பீடத்திலும் நான் கேட்டதில்லை. 'இவ்வளவு காணிக்கை போடு, இவ்வளவு ஆசீர்வாதம்' என்கிற பேச்சு மட்டும் ஒலிபெருக்கியில் தாராளமாகக் கேட்கிறது. 1517ல் விற்ற சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தால் முதல் ஆளாகப் பாராட்டியிருப்பேன்.

குறைந்தபட்சம் அந்த இரண்டு வரிக்கும் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்