நானும் கைக்காசுக் கவிஞர்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புத்தகக் காட்சியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கடையில் வேலைக்கு நடுவே. இரண்டாம் முறை ராத்திரி, அந்த ஒரு வரியைச் சரியாகத்தான் படித்தேனா என்று பார்ப்பதற்காக. "கைக்காசைப் போட்டுப் புத்தகம் அடித்து, சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்துக் கைதட்டிக்கொள்ளும் கைக்காசுக் கவிஞர்கள் பெருகிவிட்டார்கள்." சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

நான் கைக்காசுக் கவிஞர்தான், ஐயா. அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல் மனு, முதியோர் பென்ஷன் மனு அடித்துக் கொடுப்பது தொழில். 2023 ஆகஸ்டில் என் முதல் தொகுப்பு வந்தது. 96 பக்கம், 61 கவிதைகள், விலை 120 ரூபாய். அதற்குக் கொடுத்த 38,000 ரூபாய் சீட்டுத் தள்ளி எடுத்தது. வெளியீட்டு விழாவில் கைதட்டியவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள் என்பதும் உண்மை. என் சித்தி அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்தாள். அன்றைய கூலி அவளுக்குப் போயிற்று. வாசிக்கத் தெரியாதவள், புத்தகத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கைதட்டினாள். அந்தக் கைதட்டலையும் சேர்த்துத்தான் நீங்கள் அச்சில் ஏற்றியிருக்கிறீர்கள்.

முதல் தொகுப்புக்கு வேறு யார் காசு போடுவார்கள்? தமிழ்ப் பதிப்பு வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சா. ஒவ்வொருவராகப் பார்த்து, புத்தகம் வாங்குவதாகக் கையொப்பம் வாங்கித்தானே பணம் திரட்டினார்? பாரதி 1920இல் தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டு, நண்பர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல விற்கும் என்று நம்பி எழுதினார். மறு வருஷம் செப்டம்பரில் அவரே இல்லை. புதுக்கவிதைக்கு என்று ஒரு தொகுப்பு, 24 பேருடைய கவிதைகளோடு 1962இல் வந்தது என்றால், அது சி.சு. செல்லப்பா தாமே நடத்திய எழுத்து பிரசுரத்தில்தான் வந்தது. அந்தப் புத்தகங்களையெல்லாம் பையில் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக நடந்து விற்றவர் அவர். அவரைப் பற்றி எழுதும்போது உங்கள் இதழ் தியாகம் என்கிறது. எங்கள் ஊர்க்காரி பையைத் தூக்கினால் கைக்காசுக் கவிஞர் என்கிறது. அவர்களுக்குச் சமமாக என்னை நான் வைத்துக்கொள்ளவில்லை. காசு போட்ட வகையில் ஒரே பாதை என்று மட்டும் சொல்கிறேன்.

போட்ட காசு எங்கே போயிற்று என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. பதிப்பகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே கதையை வேறு வேறு பெயர்களோடு நாலைந்து பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 300 பிரதி அடிப்பதாகப் பேச்சு. 100 எனக்கு, மீதி 200 அவர்களிடம் இருக்கும், கடைகளுக்குப் போகும், அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்கும் விண்ணப்பிப்பார்கள். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்குத் தனியாக 2,500 ரூபாய் வாங்கினார்கள். அந்த எண்ணை ராஜாராம் மோகன்ராய் பெயரில் இருக்கும் மத்திய அரசு முகமை இலவசமாகத் தருகிறது, எழுதியவரே தம் பெயரில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாள் முழுக்க ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவள் நான். எனக்கே தெரியவில்லை என்றால், போன் மட்டும் வைத்துக்கொண்டு கவிதை எழுதுகிற பிள்ளைகளுக்கு யார் சொல்வார்கள்? கவிதைக்கென்று பத்திரிகை நடத்துகிற நீங்கள் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாமே.

ஒன்றரை வருஷம் கழித்துக் கணக்குக் கேட்டேன். "கவிதை விக்காதும்மா" என்றார்கள். சரி, அந்த 200 பிரதிகளையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். 40 சதவீதம் கழித்து, பிரதிக்கு 72 ரூபாய் கட்டச் சொன்னார்கள். என் காசில் அடித்த என் புத்தகத்துக்கு! அதற்கும் மனதைத் தேற்றிக்கொண்டு, எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், போனை எடுத்த பையன் வெள்ளந்தியாகச் சொன்னான்: "ஒரு வாரம் டைம் குடுங்கக்கா, அடிச்சுத் தந்துர்றோம்." அந்த 200 பிரதிகள் அச்சாகவே இல்லை. பிறகு சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவரிடம் புத்தகத்தைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு ஃபாரம், 70 ஜிஎஸ்எம், 300 காப்பி உண்மையிலேயே அடிச்சிருந்தாக்கூட நீங்க குடுத்ததுல பாதி ஆயிருக்காதே" என்றார். நூலக ஆணைக்கு விண்ணப்பமே போகவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்குப் 10 காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறேன். எங்கள் தெருப் பிள்ளைகள் போகும் நூலகத்தில் என் புத்தகம் இருக்கிறது, நான் கொண்டுபோய் இனாமாக வைத்ததால்.

"உங்கள் கவிதைகள் நூலாக வேண்டுமா?" என்ற முழுப்பக்க விளம்பரத்தை நான் பார்த்தது உங்கள் இதழின் பின்னட்டையில். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் மனது அதிகமாக வலிக்கிறது. பின்னட்டையில் எங்களைக் கூப்பிட்டுவிட்டு உள்பக்கத்தில் எங்களைப் பழிப்பது முறையல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தொகுப்பில் ஒரு கவிதை அம்மாவைப் பற்றியது. நெய்யும்போது விரல் அறுந்து சேலையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டுவிட்டது, முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார். "கறையைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தேன். கோப்பில் சரியாகத்தான் அடித்துக் கொடுத்தேன், அதுதானே என் தொழில். பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவர், சேலை என்றதும் கரைதான் என்று நினைத்து வல்லின றகரத்தை இடையின ரகரமாக்கிவிட்டார். "கரையைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை." கவிதையே போயிற்று. கடைசி மெய்ப்பை எனக்கு அனுப்பவில்லை. புத்தகக் கட்டைப் பிரித்த அன்று ராத்திரி 100 பிரதிகளையும் தரையில் பரப்பி, 47ஆம் பக்கத்தைத் திறந்து, கறுப்பு மசிப் பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மசி காய்வதற்காக விரித்தே வைத்திருந்ததில் விடியும்வரை நடக்க இடமில்லை. இதைக் கைக்காசு வீண்பெருமை என்று உங்களால் சொல்ல முடியுமா?

விற்றதும் நான்தான். 63 பிரதிகள். தெரிந்தவர்களுக்குப் பதிவுப் புத்தக அஞ்சலில் குறைந்த செலவில் அனுப்பிக்கொண்டிருந்தேன். 2024 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். தபால் செலவு எகிறியபோது, வாங்க நினைத்தவர்களே தயங்கினார்கள். 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், 300 கிராம் வரை 20 ரூபாய். செய்தியைப் படித்து நான்தான் கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவர் பொறுமையாகத் தேடிப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். நின்றபோதும் வந்தபோதும் உங்கள் இதழில் ஒரு வரி இல்லை. சந்தாதாரர்களும் கவிஞர்களும் தபாலை நம்பி இருப்பது உங்களுக்குத் தெரியும்.

மாவட்டப் புத்தகத் திருவிழாவில் உள்ளூர் எழுத்தாளர்களோடு நானும் இரண்டு நாள் நின்றேன். ஒரு பெரியவர் வந்தார். விரல் நுனியெல்லாம் சாயம். நின்றபடியே ஒரு கவிதையை வாய்விட்டுப் படித்தார். "பாவு பிணைக்கிறதெல்லாம் எழுதியிருக்கியே தாயி, யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்டார். சொன்னேன். என் அப்பாவை அவருக்குத் தெரிந்திருந்தது. 100 ரூபாய்தான் வைத்திருந்தார். 20 ரூபாய் குறைகிறதே என்று புத்தகத்தைத் திரும்ப வைக்கப் போனவரிடம் எடுத்துக் கையில் கொடுத்தேன். அவருக்கும் எனக்கும் சொந்தமில்லை, ஐயா. இதையும் உங்கள் கட்டுரையாளர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1996இலிருந்து உங்களுக்குக் கவிதை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையோடுதான் அனுப்புவேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, பிரசுரமும் ஆனதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, தேர்வு உங்கள் உரிமை. ஆனால் மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்பச் சொல்லி நீங்கள் போடும் அறிவிப்பை நம்பி 2023இல் அனுப்பினேன். வந்த நூல்களைப் பட்டியலிடும் 'வரப்பெற்றோம்' பகுதியில் பெயர்கூட வரவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். முன்பெல்லாம் 'வரப்பெற்றோம்' பகுதியில் நூலின் பெயரோடு பக்கம், விலை, கிடைக்கும் முகவரி மூன்றும் போடுவீர்கள். இப்போது அட்டைப்படம் மட்டும் வருகிறது. அந்த மூன்றையும் மறுபடி போடுங்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் கடை கிடையாது, அந்த முகவரிதான் கடை. இடம் இருந்தால், ஐஎஸ்பிஎன் இலவசம் என்பதை அந்தப் பகுதியின் கீழே ஒரு வரியாகச் சேருங்கள்.

மறுபடியும் இரண்டு பிரதிகள் தனியே அனுப்பியிருக்கிறேன். 47ஆம் பக்கத்தில் மசியால் திருத்தியிருப்பது என் கையெழுத்து. அதைத் திருத்தியபடியே படிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
27 வருஷச் சந்தாதாரர்,
அருப்புக்கோட்டை.