குழந்தையின் நரைக்கு எண்ணெய் தேடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "பள்ளிப் பிள்ளைகளின் இளநரை முப்பதே நாளில் மறையும்" என்ற பாணியில் வரும் விளம்பரங்கள் தமிழ் நாளிதழ்களின் இணைப்புகளிலும் வரி விளம்பரப் பக்கங்களிலும் குறையவே இல்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. குணப்படுத்துவேன், தடுப்பேன் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் அது. புற்றுநோயும் எய்ட்ஸும் இருக்கும் அந்தப் பட்டியலில் இளநரையும் இருக்கிறது. முடியின் நிறத்தை மாற்றுவது தனி எண்ணில் இன்னொரு முறை இருக்கிறது. விதி மருந்துக்குத்தான். அதனால்தான் இந்தப் பாட்டில்களில் பெரும்பாலானவை 'கூந்தல் தைலம்' என்ற பெயரில் அழகுசாதனமாக விற்பனைக்கு வருகின்றன.

முப்பது நாள் கணக்கு ஏன் பொய் என்பதை ஒரு அளவுகோலை வைத்தே சொல்லிவிடலாம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். வெளியே தெரிவது உயிரற்ற கெராட்டின் இழை. அதற்கு நிறம் ஏறுவது தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில், மயிர்க்காலின் குமிழில் இருக்கும் நிறமி செல்களால். வெள்ளையாக வெளியே வந்துவிட்ட முடிக்குச் சாயம் பூசலாமே தவிர, நிறமியை மறுபடி ஊட்ட முடியாது. ஆகவே ஒரு சிகிச்சை உண்மையிலேயே பலித்தாலும் ஒரு மாதத்தில் வேரோரம் ஒரு செ.மீ. கறுத்திருக்கும், நுனி வெள்ளையாகவே நிற்கும். நுனிவரை கறுத்துவிட்டது என்றால் அந்தப் பாட்டிலில் சாயம் இருக்கிறது. எண்ணெய் தடவிய ஈர முடியில் வெள்ளை சற்று மங்கித் தெரியும் என்பதும் பலரை ஏமாற்றுகிறது. சீயக்காய் போட்டு அலசிக் காய்ந்த பிறகு பார்க்க வேண்டும்.

ஆசியர்களுக்கு 25 வயதுக்குள் நரை வந்தால் அது இளநரை. எட்டு வயதில், பத்து வயதில் ஆங்காங்கே சில வெள்ளை முடிகள் தெரியும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் குடும்பவாகுதான். அப்பா, அம்மா, மாமா, அத்தை ஆகியோருக்கு எந்த வயதில் முதல் நரை வந்தது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். நரைக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பில் ஐஆர்எஃப்4 என்ற மரபணுவின் பங்கு 2016-இல் வெளியானது; அது நிறமி உற்பத்தியை ஒழுங்குபடுத்துகிறது. குடும்பவாகு நரையைத் திருப்பும் மருந்து இன்றைக்கு இல்லை. இதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டால் அவர்கள் அடுத்த ஐந்து வருடம் கடை கடையாக அலைவார்கள்.

அதற்கு முன் பார்க்க வேண்டியது, வெள்ளை முடி எப்படிப் பரவியிருக்கிறது என்பது. தலை முழுக்கச் சிதறியிருந்தால் ஒரு வழி; ஒரே இடத்தில் கொத்தாக இருந்தால் முற்றிலும் வேறு வழி. முன்நெற்றியில் பிறந்ததிலிருந்தே ஒரு வெள்ளைக் கற்றை, அதன் கீழ்த் தோலும் வெளுத்திருந்தால் அது பிறவியிலேயே அந்த இடத்தில் நிறமி செல்கள் போய்ச் சேராததால் வருவது. அத்தகைய கற்றையோடு கருவிழி வெளிர்நீலமாகவோ இரண்டு கண்ணும் இரு நிறமாகவோ இருந்தால் உடனே காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். வார்டன்பர்க் என்ற பரம்பரைக் குறைபாட்டில் செவித்திறன் இழப்பும் சேர்ந்து வரலாம், பேச்சு வரத் தாமதமான பிறகு கண்டுபிடித்தால் நேரம் வீணாகியிருக்கும். வெள்ளைக் கொத்தோடு உடம்பில் இலை வடிவ வெளிர்த் திட்டுகளும் வலிப்பும் இருந்தால் நரம்பு மருத்துவரிடம் போக வேண்டும். பின்னாளில் தோன்றிய கொத்து என்றால் வெண்புள்ளி தலைத்தோலில் தொடங்கியிருக்கலாம். புழுவெட்டு விழுந்து சொட்டையான இடத்தில் புதிதாக முளைக்கும் முடி முதலில் வெள்ளையாக வரும். அது பெரும்பாலும் பிறகு தானாகக் கறுக்கும், பயப்பட வேண்டியதில்லை.

அரிதானது, ஆனால் தவறவிடக் கூடாதது ஒன்று: பிறந்ததிலிருந்தே முடி முழுவதும் வெள்ளிச் சாம்பல் பளபளப்போடு இருந்து, குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சலும் தொற்றும் வருவது. செடியாக்-ஹிகாஷி, கிரிசெல்லி போன்ற நோய் எதிர்ப்புக் குறைபாடுகளின் அடையாளம் அது. தாயும் தந்தையும் இருவருமே அந்த மரபணுவைச் சுமந்தால்தான் குழந்தைக்கு வரும் என்பதால், சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் ஊரில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இதற்கு எண்ணெய் தேடும் ஒவ்வொரு மாதமும் ஆபத்து.

சிதறிய நரைக்குத் திரும்புவோம். குடும்பவாகு என்று தோன்றினாலும் ஒரு முறை ரத்தம் பார்த்துவிடுவதே சரி என்பது எங்கள் கருத்து. ஏனென்றால் சரிசெய்யக்கூடிய முக்கியக் காரணங்கள் மூன்று: வைட்டமின் பி12 குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு. மூன்றும் நம் பிள்ளைகளிடம் சாதாரணமாக இருப்பவை. நரைக்குக் காரணமாக இல்லாவிட்டாலும் சரிசெய்ய வேண்டியவை. பி12 குறைவுக்கு வீட்டிலேயே தெரியும் ஒரு குறி உண்டு. கைவிரல் முட்டிகளின் மேற்பக்கம், நகத்தைச் சுற்றி, உள்ளங்கை ரேகைகள் கறுத்திருக்கும். வெயிலில் கறுத்தது என்று விட்டுவிடுவார்கள். வெயில் உள்ளங்கை ரேகையைக் கறுக்க வைக்காது. நாக்கு வழவழவென்று சிவந்திருப்பது, கால் மதமதப்பு, படிப்பில் திடீர்ச் சரிவு ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. உயரம் கூடாமல் எடை மட்டும் கூடுவது, மலச்சிக்கல், எந்நேரமும் சோர்வு என்றால் தைராய்டை நினைக்க வேண்டும்.

கேட்க வேண்டிய பரிசோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்). இதில் தவறு நடக்கும் இடங்கள் பல. பி12 குறைந்தால் ரத்தச் சிவப்பணு பெரிதாகும், இரும்பு குறைந்தால் சிறிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்த பிள்ளைக்கு அணுவின் சராசரி அளவு 'நார்மல்' என்று தாளில் வரும், ஆகவே அந்த ஒரு எண்ணை நம்பி பி12 பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். குணமாகி இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். சத்து ஊசி போட்ட பிறகு பி12 பார்ப்பதில் பயனில்லை. எல்லாவற்றையும்விட மோசமானது பயோட்டின் என்ற பி வகை வைட்டமின். கூந்தலுக்கென்று விற்கும் மாத்திரைகளிலும் மிட்டாய்களிலும் அது பெரிய அளவில் இருக்கிறது. பல லேப்களின் தைராய்டு பரிசோதனை முறையில் அது குறுக்கிட்டு டிஎஸ்எச்சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். ரத்தம் கொடுக்கும் முன் குறைந்தது இரண்டு, மூன்று நாள் நிறுத்த வேண்டும், நிறுத்தியதை மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும்.

பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. 200-இலிருந்து 300 வரை சந்தேகம். ஊசியா மாத்திரையா, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். குறையைச் சரிசெய்த பிறகு புதிதாக வளரும் முடி கறுப்பாக வருவது சிலரிடம் நிகழ்கிறது, எல்லோரிடமும் அல்ல. மூன்றிலிருந்து ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அதே சன்னல் வெளிச்சத்தில், அதே வகிடெடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை படம் எடுத்து ஒப்பிடுங்கள். தினமும் கண்ணாடி முன் நிறுத்தி எண்ணுவது பிள்ளையைத்தான் வதைக்கும்.

உணவு விஷயத்தில் ஒரு குழப்பம் தீரவே மாட்டேன் என்கிறது. முருங்கைக்கீரையிலும் கறிவேப்பிலையிலும் இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. பி12 துளியும் கிடையாது. எந்தச் செடியிலும் கிடையாது. சுருள்பாசி என்று விற்கும் ஸ்பைருலினாவில் இருப்பது உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பத்து வயதுப் பிள்ளைக்கு நாளைக்குச் சுமார் 2 மைக்ரோகிராம் பி12 வேண்டும். அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது, ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம். மீன், கருவாடு, ஈரலில் தாராளம். சைவக் குடும்பத்துப் பிள்ளை காலையில் ஒரு டம்ளர் காபியில் ஊற்றும் பாலோடு நிறுத்திக்கொண்டால் கணக்கு உதைக்கும். சத்துணவில் முட்டைக்குப் பதிலாக வாழைப்பழம் வாங்கும் பிள்ளைக்கும் அதே நிலைதான். வீட்டில் தயிரையும் பாலையும் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். இரும்புக்குக் கீரை, பேரீச்சை, கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுக்கும்போது எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். சாப்பாட்டோடு டீ வேண்டாம். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்பு மாத்திரையையும், குடற்புழு நீக்க நாளில் தரும் 400 மி.கி. அல்பெண்டசோலையும் "சூடு" என்று சொல்லித் தடுக்காதீர்கள். கொக்கிப்புழு இருக்கும் வயிற்றில் எத்தனை பேரீச்சை போட்டாலும் பற்றாது.

நரைக்கென்று எழுதப்படும் கால்சியம் பான்டோதெனேட் (வைட்டமின் பி5) மாத்திரைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1930-களின் கடைசியிலும் 40-களிலும் அந்தச் சத்து இல்லாத தீனி கொடுத்த எலிகளின் கறுப்பு ரோமம் நரைத்தது, கொடுத்ததும் கறுத்தது. மனிதருக்கு அந்தச் சத்து அநேகமாக எல்லா உணவிலும் கிடைக்கிறது. நரையில் அது வேலை செய்கிறது என்பதற்கான சான்று பலவீனமானது. பெரிய கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை. துத்தநாகம் அப்படியல்ல. முடிக்கு நல்லது என்று மாதக்கணக்கில் ஜிங்க் சிரப் கொடுத்தால் குடல் தாமிரத்தை உறிஞ்சுவது குறையும். நிறமியைத் தயாரிக்கும் டைரோசினேஸ் நொதிக்குத் தேவையானதே தாமிரம்! ரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும் சேர்ந்து வரும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் பெரிய அளவில் நெடுநாள் கொடுப்பதும் தவறு: ரத்தசோகை மறைந்துவிடும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

கரிசலாங்கண்ணி எண்ணெயைத் தடவ வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கும், முடி உடையாமல் இருக்கும், அதற்காகத் தடவலாம். மொட்டை அடித்தால் கறுப்பாக முளைக்கும் என்பது தவறு, மயிர்க்கால் அதேதான். ஒன்றைப் பிடுங்கினால் பத்து வரும் என்பதும் தவறு. ஆனால் பிடுங்கிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் சீழ்க்கொப்புளம் வந்து முடியே முளைக்காமல் போகலாம். வேண்டுமானால் சிறு கத்தரியால் அடியோடு வெட்டிவிடுங்கள். போர் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நரைக்க வைக்காது.

கெடுதல் உண்மையில் சாயத்தில்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் கறுப்பு ஹேர் டைகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை பாராஃபினைலின்டையமின், சுருக்கமாக பிபிடி. முதல் முறை பூசும்போது ஒன்றும் ஆகாது. அந்த முறைதான் உடம்பு அதை எதிரியாகப் பதிவுசெய்கிறது. இரண்டாவது, மூன்றாவது முறை ஒன்றிரண்டு நாளில் நெற்றியும் காதும் நீர்கோத்து, கண் திறக்க முடியாமல் முகம் வீங்கும். அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுக்க இருக்கும். சில துணிச் சாயங்களும் மரத்துப்போகச் செய்யும் சில களிம்புகளும்கூடப் பிறகு ஒத்துக்கொள்ளாது. ஐரோப்பிய நாடுகளில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியதல்ல என்று பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். நம் நாட்டிலும் தோலில் சோதித்துப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கையை உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவில் அச்சிடுகிறார்கள்.

'கறுப்பு மருதாணி' என்ற பெயரை நம்ப வேண்டாம். மருதாணி சிவக்கும், கறுக்காது. வெள்ளை முடியில் அது ஆரஞ்சாகத்தான் பிடிக்கும். அதன் மேல் அவுரி இலைப் பொடியை இன்னொரு கட்டமாகப் பூசினால் கரும்பழுப்பு வரும், அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அரை மணியில் கன்னங்கரேல் என்று கறுக்கும் பொடியில் பிபிடி கலந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான மருதாணியிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஜி6பிடி என்ற, சிவப்பணுவைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, மருதாணி ரத்த அணுக்களைச் சிதைக்கும். பூசிய ஓரிரு நாளில் சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் டை பாக்கெட்டைப் பூட்டி வையுங்கள்; சிறு குழந்தை வாயில் போட்டால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், பிறகு சிறுநீரகம் பழுதாகும், முறிமருந்து கிடையாது.

தங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. இளநரை விளம்பரம் வரும்போது, அது மருந்து என்று உரிமம் பெற்றதா அழகுசாதனமா, உட்பொருட்கள் முழுவதும் அச்சாகியிருக்கின்றனவா என்ற இரண்டு கேள்விகளையாவது விளம்பரப் பிரிவு கேட்க வேண்டும். "குழந்தைகளுக்கும் ஏற்றது" என்ற வரி இருந்தால் வெளியிடாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
தோல்நோய் மருத்துவர், குழந்தைநல மருத்துவர்,
மதுரை.